காயலாங்கடையில் ஊசிக்கு இடம் தேடி வந்தவர்கள்

காயலாங்கடைக்காரன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிலோ. பதில் வந்தால் தராசு. வராவிட்டால் வாசல். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டில் என் கடை. கம்பெனிகள் கழித்துப் போடுவதைப் பெரிய காண்டிராக்டர்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் கழித்துப் போடுவது எனக்கு. அதையும் ஒருத்தர் தேடி வந்து, புரட்டிப் பார்த்து, முகம் சுளித்து, "இதுல வேற சைஸ் இல்லியா?" என்று கேட்பார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்களும் ஏதாவது கடை வைத்து உட்கார்ந்தவராக இருந்தால், அது மளிகையோ மருந்தோ, இந்தப் பாடு தெரிந்திருக்கும். எனக்கு அது ஊசி, நூல், பட்டன் வழியாக வந்தது.

குழி கேட்ட பெண்

கடைக்கு வெளியே கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகளைக் குவித்து வைத்திருந்தேன். கம்பெனிக்குள் பியரிங், பல்சக்கரம் மாதிரிச் சின்னச் சாமான் வரும்போது ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. அதற்காகத் தட்டு முழுக்கக் குழி. குழிக்கு ஒரு சாமான். சாமான் உள்ளே போனதும் தட்டு குப்பை. ஒரு நாள் காலையில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தது. முந்தானையிலிருந்து தையல் மிஷினில் நூல் சுற்றுகிற பாபின் ஒன்றை எடுத்து ஒரு குழியில் போட்டுப் பார்த்தது. எடுத்தது. அடுத்த தட்டில் போட்டது. எடுத்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எத்தனை கிலோ வேணும்?" என்றேன். "கிலோ வேண்டாம் தாத்தா. குழி வேணும்" என்றது. எனக்குப் புரியவில்லை.

பெயர் இசக்கி. தென்காசிப் பக்கம். கார் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் லைனில் இருந்ததாம். பிள்ளை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு, வாடகை ரூமில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறது. புருஷன் ரப்பர் கம்பெனியில் ஷிப்ட். இருப்பது ஒரே ரூம். சமையல், மிஷின், தொட்டில், ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற ஆள், எல்லாம் அதற்குள். ஊசி ஒரு பிஸ்கட் டின்னில், குண்டூசி ஒரு தாம்பூலப் பையில், பட்டன் ஒரு ஊறுகாய் பாட்டிலில், மீதி தரையில். போன வாரம் வீட்டுக்காரம்மாவின் பேரன் காலில் வாசலில் வைத்து ஊசி ஏறிவிட்டது. இன்னொரு ஊசி கண்ணில் பட்டால் ரூமைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டாராம். மிஷின் என்றால் வேறு யாரும் ரூம் தருவதில்லை. கரண்ட் இழுக்கும், சத்தம் வரும் என்கிறார்கள். துணி கொடுப்பவர்களும் அந்த வரிசை வீட்டுக்காரர்களும் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல் பெண்களும்தான். ரூம் போனால் பிழைப்பும் போச்சு. இது எதையும் நான் கேட்கவில்லை. அதுவாகச் சொன்னது. போனில் ஒரு வீடியோவும் காட்டியது. யாரோ ஒரு அம்மாள், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பா மாட்டி, டப்பாவுக்கு ஒரு கலர் பட்டன் போட்டு வைத்திருந்தாள். "அதே மாதிரி மாட்டிக்கோயேன்" என்றேன்.

"அவளுக்கு அது சொந்தச் சுவரு தாத்தா. எனக்கு ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. அதாம் குழி கேக்கேன்."

மூடி

கம்பெனியில் தட்டின் மேல் தட்டு அடுக்குவார்கள். மேல் தட்டுதான் கீழ்த் தட்டுக்கு மூடி. இது இசக்கிக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியாது. வாங்கிப் போன தட்டில் குழி குழியாக ஊசி, குண்டூசி, கொக்கி, பிரஸ் பட்டன் எல்லாம் போட்டு, அதைத் தையல் மிஷின் பலகை மேலேயே வைத்திருக்கிறது. மிஷின் ஓடினால் பலகை அதிரும். அதிர அதிரத் தட்டு ஓரத்துக்கு நகர்ந்து, கீழே படுத்திருந்த புருஷன் மேல் கவிழ்ந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த ஆள். அன்றைக்கு அதற்கப்புறம் தூங்கவில்லையாம். யார்தான் தூங்குவார்கள்.

மூடி வேணும் என்று இசக்கி வந்தது. அதே தட்டில் இன்னொன்றை எடுத்துக் கவிழ்த்து மூடிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே கொஞ்சம் பெருமை. நாலு நாள் கழித்து மறுபடி வந்து நிற்கிறது. தட்டைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் மேல் குழியில் இருந்ததெல்லாம் கீழ்க் குழியில். கொக்கியோடு குண்டூசி, குண்டூசியோடு பட்டன். நிறுத்தினால் விழத்தான் செய்யும். இதில் நான் என்ன பண்ண? "படுக்க வை" என்றேன்.

"படுக்க வைக்கத்தான் இடமில்லை தாத்தா. இடம் இருந்தா நாங்க படுத்துருவோம்லா."

அஞ்சலையின் சோதனை

இசக்கி சொல்லி, படப்பையிலிருந்து ஒரு டீச்சர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். ஆரி வேலை சொல்லிக் கொடுப்பவர். ஜாக்கெட்டில் மணியும் முத்தும் ஜரிகையும் வைத்துக் கொக்கி ஊசியால் பின்னுகிற வேலை. வகுப்பு நடப்பது அவர் வீட்டு ஹாலில். அவருக்கும் குழித் தட்டு வேணும். கூடவே ஒரு பை நிறைய மணிகள் கொண்டு வந்திருந்தார். படிக்க வருகிற பெண்கள் எல்லாவற்றையும் கலந்துவிட்டார்களாம். "கலர் வாரியாப் பிரிக்கிறதா, சைஸ் வாரியாவான்னு குழப்பமா இருக்கு சார். நீங்க இங்க எப்படிப் பிரிப்பீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக், குப்பை. என் கடையில் உலகமே இவ்வளவுதான். கலரை எல்லாம் நான் பார்த்ததில்லை.

அஞ்சலை என் கடையில் பிளாஸ்டிக் பிரிப்பவள். வல்லக்கோட்டைக்காரி. டீச்சர் என்னைக் கேட்டதைத் தனக்கு வந்த வேலையாக எடுத்துக்கொண்டாள். பைக்குள் கை விட்டு ஒரு முத்தை எடுத்தாள். பிளாஸ்டிக்கில் சந்தேகம் வந்தால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்: லைட்டரைப் பற்ற வைத்துக் காட்டி, எரிகிற வாசனையை மோந்து பார்ப்பது. முத்து சுருங்கிக் கறுத்தது. அடுத்து ஒரு சிவப்புக் கல். அதுவும் கறுத்தது. அடுத்து பச்சை. நான் "வைடி கீழ" என்பதற்குள் டீச்சர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "அது கல்யாண ஆர்டருக்குன்னு தனியா எடுத்த முத்துங்க" என்றார். அஞ்சலைக்கு அவரைப் பார்த்து நிஜமாகவே பாவமாக இருந்தது. லைட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு, தன்மையாகத்தான் சொன்னாள்.

"கல்லும் இல்ல, முத்தும் இல்லம்மா. எல்லாம் ஒரே பிளாஸ்டிக்குதான். ஒரே மூட்டைல போடு. இன்னாத்துக்கு ஒக்காந்து பிரிச்சிகினு கீற?"

சிவப்புச் சீட்டு

இசக்கியின் புருஷன் மாடசாமி. வாய் திறந்து பேசாத பையன். ஒரு நாள் பைக்கில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். "கழிவு தாத்தா" என்றான். மூட்டையில் பழைய கத்தரி, உடைந்த ஸ்கேல், வெட்டுத் துணி, நைந்துபோன பழைய ஜாக்கெட்டுகள் ஒரு கட்டு. எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. விற்க வருகிறவனைக் கேள்வி கேட்பது என் வழக்கமில்லை. எடை போட்டேன், போய்விட்டான்.

சாயங்காலம் இசக்கி ஓடி வந்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரத்தில் அவன் ரூமை ஒழுங்குபடுத்தியிருக்கிறான். கம்பெனியில் பயிற்சி கொடுத்தார்களாம். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இது மிஷினுக்கு, இது தொட்டிலுக்கு, இது அடுப்புக்கு என்று கோடு போட்டிருக்கிறான். கொஞ்ச நாளாகக் கை படாத சாமானுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு. சீட்டு ஒட்டியது எல்லாம் என் கடைக்கு. அந்தப் பழைய ஜாக்கெட் கட்டு பழசு இல்லை, அளவு ஜாக்கெட். புதுசு தைக்கக் கொடுக்கிறவர்கள் உடம்புக்குச் சரியாக நிற்கிற ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்களே, அது. ஹாஸ்டல் முழுக்க அதில் இருந்தது. நல்லவேளை, மூட்டை இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் குறைந்தது. அஞ்சலை அதைத் தராசு துடைக்க எடுத்திருந்தாள். அது ஹாஸ்டல் வார்டனுடையதாம். இசக்கி அதை உதறிப் பார்த்துவிட்டு, மடித்துக் கட்டோடு வைத்தது.

"வேண்டாதத தூக்கிப் போடுன்னு கம்பெனியில சொல்லிக் குடுத்துருக்காவ தாத்தா. எது வேண்டாம்னு பொண்டாட்டிட்ட கேக்கணும்னு சொல்லிக் குடுக்கலை."

வாசனை

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம், தைத்து முடித்த துணி வைக்கத் தனியாக ஒரு நீலப் பிளாஸ்டிக் கிரேட் பெட்டி கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தோம். ஆனால் துருப் பிடிக்காமல் இருக்கக் கம்பெனிச் சாமானுக்கு ஒரு எண்ணெய் பூசுவார்கள். அது பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். கறை வராது, வாசனை மட்டும் நிற்கும். இசக்கி ஒரு ஜாக்கெட்டைக் கொண்டு வந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அஞ்சலையும் மோந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றாள். எங்கள் மூக்கை வைத்து என்ன முடிவு செய்வது? கம்பெனி லைனில் வேலை செய்கிற ஹாஸ்டல் பெண் ஒன்று அதைப் போட்டுக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது. சாமி முன்னால் நின்று கண்ணை மூடினால் லைன்தான் ஞாபகம் வருகிறதாம். அந்தப் பெண் சொன்னதை இசக்கி அப்படியே சொல்லிக் காட்டியது.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ஜாக்கெட்டுக்கு மட்டும் ஓவர்டைம் போட்டிருக்கீங்களாக்கா?"

வீட்டுக்காரம்மா

ஒரு நாள் மத்தியானம் கன்னியம்மா வந்தார். இசக்கியின் வீட்டுக்காரம்மா. இங்கேயே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலத்தில் பாதி கம்பெனி ரோட்டுக்குப் போனது, மீதியில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரே மகன் பிரபு, பல்சக்கரம் கடைகிற கம்பெனியில் ஆபரேட்டர். அந்த வரிசையிலேயே முதல் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். கடைக்குள் வந்தவர் உட்காரவில்லை.

"இன்னா பெர்சு, ஊசிக்கெல்லாம் வூடு கட்டிக் குடுத்துகினு கீறியாமே?"

"தட்டு வித்தேன். என்ன இப்ப?"

"என் பேரன் கால்ல இன்னிக்கும் ஏறிகிச்சி. வாசப்படிகிட்ட. தோ, இம்மாம் நீட்டு."

"ஊசிதானா? எடுத்து வச்சிருக்கியா?"

"சாக்கடைல கடாசிட்டேன். பின்ன இன்னா, பீரோல வச்சிப் பூட்டச் சொல்றியா?"

"இல்ல, ஊசியான்னு பாத்தியான்னு கேட்டேன்."

"ஆமா, கண்ணாடி மாட்டிகினு ஆராய்ச்சி பண்ணுவாங்க. புள்ள கத்துது, காலு ரத்தம். புடுங்கித் தூக்கிப் போட்டேன். குத்துனா ஊசிதான், ரோஜாப் பூவா?"

மாசம் முடிந்ததும் ரூமைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதை ஏன் என்னிடம் வந்து சொல்கிறார் என்று விளங்கவில்லை. தட்டு விற்றவன் நான் என்பதாலா, அல்லது சொல்லிவிட்டு அவருக்கே மனசு கேட்கவில்லையா? அந்தப் பெண்ணின் குழந்தையைத் தினமும் தூக்கி வைத்துக்கொள்வதும் இதே கன்னியம்மாதான் என்று அஞ்சலை பின்னால் சொன்னாள். "அது கவனமாத்தான் இருக்கு. தட்டு மேல தட்டா வாங்கிட்டுப் போகுது" என்று நான் சொன்னேன். அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"அந்த வரிசைல மிஷினு வச்சிகினு கீறவ அவ ஒருத்திதான். அப்ப ஊசி இன்னா, வானத்துலேர்ந்தா வுழுது?"

காந்தம்

பழைய பெரிய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து எடுத்த காந்தம் கடையில் கிடந்தது. அதை ஒரு துடைப்பக் கட்டை நுனியில் கட்டி இசக்கியிடம் கொடுத்தேன். தரையைப் பெருக்குகிற மாதிரி இதை இழு, விழுந்த ஊசி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் என்றேன். நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. ஆனால் தட்டுப் பக்கம் கொண்டு போகாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரூமுக்குப் போனதும் முதலில் தட்டு மேல்தான் காட்டிப் பார்த்திருக்கிறது, வேலை செய்கிறதா என்று. வேலை செய்தது. குழியில் இருந்த ஊசி, குண்டூசி, கொக்கி எல்லாம் ஒரே தாவாகத் தாவிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி நின்றிருக்கிறது. பிய்த்து எடுத்தும் தீரவில்லை. காந்தம் பட்ட ஊசிக்கு அந்தக் குணம் ஏறிவிடும். ஊசி கத்தரியில் ஒட்டுகிறது. கத்தரி பாபின் கேஸில் ஒட்டுகிறது. ஒரு வாரமாக இடம் பிரித்து வைத்ததெல்லாம் ஒரே கொத்து. மறுநாள் அந்தக் கொத்தை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தது. காலி பண்ணச் சொன்ன கவலையிலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

"புதுசாக் கல்யாணம் ஆனவுக மாதிரி ஒண்ண விட்டு ஒண்ணு வரமாட்டேங்கு தாத்தா. ஒத்த ஊசி எடுத்தா ஊரே சேந்து வருது."

துணி முடிச்சு

அடுத்த தடவை வந்தபோது சிரிப்பு இல்லை. கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு. ரூமுக்குள் காந்தத்தை இழுத்ததில் ஒன்றும் வரவில்லை, சுத்தம். ஆனால் வெளியே, எல்லாரும் நடக்கிற வாசல் நடையில் இழுத்தால் இவ்வளவு ஒட்டிக்கொண்டு வந்ததாம். "எனக்குத் தெரியாமலே இம்புட்டு ஊசி வெளிய போயிருக்கு தாத்தா. அவுக சொன்னது சரிதான். சின்னப் பிள்ளை கால்ல ஏத்திட்டேனே" என்று கண்ணைத் துடைத்தது. முடிச்சை அவிழ்த்தேன். இரும்புத் துணுக்கு. சில நீட்டமாக, கூராக. சில சுருளாக. நீலம் பாரித்த இரும்பு. "காது எங்க?" என்றேன். புரியாமல் பார்த்தது. ஊசி என்றால் நூல் கோக்கக் காது இருக்கும், குண்டூசி என்றால் தலை இருக்கும். இதில் காதும் இல்லை, தலையும் இல்லை. இது இரும்பைக் கடையும்போது தெறிக்கிற சீவல். இதே சாமான் மூட்டை மூட்டையாக என் கடை மூலையில் கிடக்கிறது. சரி, கடைசல் மிஷினே இல்லாத வீட்டில் கடைசல் சீவல் எப்படி வந்தது? அது எனக்கும் புரியவில்லை.

கடையை அஞ்சலையிடம் விட்டுவிட்டு நானே போனேன். நடையில் வரிசையாகக் கதவு. கதவுக்குக் கதவு சேப்டி ஷூ. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி பஸ் வந்து, கன்னியம்மா மகன் பிரபு இறங்கி வந்தான். ஷூவோடு நடையில் நடந்து வந்து, வாசப்படியில் காலை இரண்டு தட்டுத் தட்டினான். ஏதோ சிதறின மாதிரி ஒரு சத்தம். "காலைத் தூக்கு" என்றேன். "இன்னா தாத்தா?" என்றான். "தூக்குடா." தூக்கினான். காந்தத்தை ஷூ அடியில் இழுத்தேன். ரப்பர் பள்ளத்தில் செருகியிருந்ததெல்லாம் காந்தத்தில் வந்து நின்றது. நீட்டம், சுருள், நீலம். இசக்கி தன் முடிச்சைப் பக்கத்தில் பிரித்து வைத்தது. இரண்டும் ஒன்று. மாடசாமியும் வெளியே வந்து, யாரும் கேட்காமலே தன் ஷூவைக் கொண்டு வந்து காட்டினான். அதில் வெறும் கறுப்பு ரப்பர்த் தூள். பிரபு உள்ளே கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த தன் பிள்ளையைப் பார்த்தான். அப்புறம் ஷூவைப் பார்த்தான். கன்னியம்மா காந்தத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இசக்கியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் முறைத்தார்.

"அப்ப இன்னா பெர்சு, என் புள்ளைய வூட்டக் காலி பண்ணச் சொல்றியா?"

நாற்று

யாரும் யாரையும் காலி பண்ணச் சொல்லவில்லை. மாசம் முடிந்தது, அடுத்த மாசம் வந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கன்னியம்மா வாயில் வரவில்லை. இசக்கியும் அதை எதிர்பார்க்கவில்லை. ரூமில் மிஷின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. கன்னியம்மாவிடமே நின்றுபோன காந்தத்தை வாங்கி வரலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். தரமாட்டார் என்று அங்கே போனதும் தெரிந்தது. நடை முனையில் முக்காலி போட்டு, துடைப்பக் கட்டையோடு கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்று ஷூ அடியைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரிசையில் முதல் ஆள் பிரபு. ஒரு பையன் தான் கேன்டீனில் வேலை செய்கிறவன் என்று சொல்லிப் பார்த்தான். அவனும் காலைத் தூக்கினான்.

இசக்கி ரூமில் எட்டிப் பார்த்தேன். மிஷின் பலகையில் தேய்ந்துபோன குளியல் சோப்பு ஒன்று, அதன் மேல் ஊசி எல்லாம் வரிசையாகக் குத்தி நின்றன. சோப்பில் குத்தினால் துணியில் வழுக்கிக்கொண்டு இறங்குமாம், துருவும் ஏறாதாம், கீழேயும் விழாதாம். சீட் கவர் லைனில் இருந்தபோதே தெரியுமாம். பின்னே ஏன் என்னிடம் தட்டு மேல் தட்டாக வாங்கிப் போனது? கேட்டேன். வீடியோவில் சோப்பு இல்லையே தாத்தா என்றது. தட்டெல்லாம் எங்கே என்றேன். கொல்லைப் பக்கம் கையைக் காட்டியது. அங்கே அத்தனை தட்டும் வெயிலில் பரப்பிக் கிடந்தன. குழிக்குக் குழி ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மிளகாய் நாற்று விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு கன்னியம்மா காந்தத்தோடு எழுந்து வந்தார். இசக்கியின் குழந்தை அவர் இடுப்பில் இருந்தது.

"குழிக்கு ஒரு நாத்து, கரெக்டா கீது பாரு. இதுக்குன்னே செஞ்சிருக்கான் பெர்சு. நீ தெரியாம ஊசிக்கு வித்துகினு இருந்திருக்க."

கடைசியில் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் சொன்ன இடத்தில் மட்டும் எதுவும் இல்லை.